படத்தில் இருப்பவர் யார்: பினாங்கு பயணக் குறிப்புகள்

வியாழன் இரவு

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில், கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் விரைவு ரயில், பட்டர்வொர்த்தில் இறங்கி நடந்தே போய் பெர்ரி. பயணத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. ரயில் நேரத்துக்கு வந்தது, கடல் அமைதியாக இருந்தது.

எதற்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் மலேசியத் தமிழர்களின் பழைய புகைப்படம், பத்திரிகை, சினிமா, வானொலி எல்லாம் யார் கையில் எப்படி உருவாயின என்று கொஞ்ச காலமாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. நம்மவர் முகம் எத்தனையோ படங்களில் இருக்கிறது, பெயர் இல்லை. இன்னொரு பக்கம், பெயர் எத்தனையோ இடங்களில் அச்சாகி இருக்கிறது, அவர் யார் என்று நம் வீடுகளில் யாருக்கும் தெரியவில்லை. இந்த இரண்டையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமென்றால் பினாங்குதான்.

அறையில் பையை வைத்துவிட்டு லெபோ ஆர்மேனியன் தெருப் பக்கம் நடந்தேன். ஒரு கடையில் பழைய அஞ்சலட்டைகளின் மறுபதிப்பு விற்கிறார்கள். மூக்குத்தியும் தண்டட்டியும் போட்ட ஒரு பெண், தலையில் முண்டாசு கட்டிய மாட்டுவண்டிக்காரர், இடுப்பில் பிள்ளையோடு இன்னொரு பெண். கீழே ஆங்கிலத்தில் 'தமிழ்ப் பெண்', 'கிளிங்' (தென்னிந்தியரைக் குறித்த பழைய சொல்), 'தமிழ்க் கூலி' என்று மட்டும் போட்டிருக்கிறது. சிங்கப்பூரின் ஜி. ஆர். லாம்பர்ட் மாதிரியான ஐரோப்பிய நிறுவனங்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலாயா முழுக்க இப்படிப் படமெடுத்து விற்றன. கவர்னர் படத்தில் கவர்னர் பெயர் இருக்கும், துரை படத்தில் துரை பெயர் இருக்கும், நம் ஆட்களுக்கு மட்டும் இனத்தின் பெயர் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் அசையாமல் நிற்க வேண்டும், அந்தப் பெண் அப்படி நின்றிருக்கிறாள், நேராக நம்மைப் பார்க்கிறாள். அவளிடம் பெயர் கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். நாளைக்கு ஒரு பழைய ஸ்டூடியோ.

வெள்ளி

லெபோ பினாங், லெபோ பாசார் இரண்டும் இன்றைக்கும் காலையிலேயே பாட்டு போட்டுவிடுகின்றன. முன்பு கேசட், அப்புறம் சிடி, இப்போது ஸ்பீக்கர் விற்கிற கடைகள், பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஸ்டூடியோ இந்தத் தெருக்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். எழுபது தாண்டியவர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போருக்கு முன்பே வந்த அவருடைய அப்பா ஆரம்பித்த கடை. இப்போது பாஸ்போர்ட் படம், லேமினேஷன், பிரிண்டிங் என்று ஓடுகிறது.

"ஒக்காரும்மா, தே குடிக்கிறியா?" என்றார். அரை மணி நேரம் கேட்கலாம் என்று போனேன். மதியம் வரை எழுந்திருக்கவில்லை.

தொழிலைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதெல்லாம் எங்கேயும் பதிவாகவில்லை. அந்தக் காலத்தில் படத்தைத் திருத்துவது நெகட்டிவிலேயே நடக்கும். கண்ணாடித் தகடோ ஷீட் பிலிமோ, அதன் எமல்ஷன் பக்கத்தில், அதாவது படம் பதியும் பூச்சு உள்ள பக்கத்தில், ஒரு திரவத்தைத் தடவிக் காயவிட்டு, ஊசி போலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். முகச் சுருக்கம், அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், இவை நெகட்டிவில் மெலிதாக இருக்கும். பென்சில் பட்டால் அந்த இடம் கெட்டியாகும், பிரிண்டில் வெளுப்பாக வரும். ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம் கூட ஆகுமாம். இதை அவருடைய அம்மா செய்திருக்கிறார்! கடை வாசலில் அப்பா பெயர்தான் இருந்தது, உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேரின் முகத்தைத் திருத்தியது அம்மா. அப்புறம் வண்ணம் தீட்டுவதும் அவர்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் சேலைக் கரைக்குச் சிவப்பு, பூவுக்கு வெள்ளை, கழுத்தில் நகை இல்லாதவர்களுக்கு மஞ்சள் வண்ணத்தில் ஒரு சங்கிலி. "ஊருக்கு அனுப்புற படம்மா அது, வெறுங்கழுத்தா அனுப்ப முடியுமா" என்றார்.

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஸ்டூடியோவில் கோட், டை, கைக்கடிகாரம், ஷூ எல்லாம் தயாராக இருக்கும். ரப்பர் தோட்டத்திலிருந்து சம்பள வாரத்தில் டவுனுக்கு வருகிறவர், பால் பிசின் ஒட்டிய கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு, மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரைக்கு முன்னால் நிற்பார். அந்தப் படம் கடிதத்தோடு கப்பலேறிப் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ போகும். நான் நல்லா இருக்கேன் என்று அம்மாவுக்குச் சொல்ல அதைவிட வேறு வழி இல்லை. இதைப் பொய் வேஷம் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் சம்மதமே இல்லை. அஞ்சலட்டைக்காரன் இவரைக் கூலியாகத்தான் பார்க்க விரும்பினான். இவர் தன்னை எப்படிப் பார்க்க விரும்பினாரோ அப்படி ஒரு படத்தைத் தன் காசில் எடுத்துக்கொண்டார்.

கணவன் இங்கே, மனைவி அங்கே என்று இருந்தவர்களுக்கு ஒட்டுப் படம். ஊரிலிருந்து மனைவியின் படம் தபாலில் வரும். அதை வெட்டி, கணவனின் படத்தோடு பக்கத்தில் ஒட்டி, ஓரத்தை பிரஷால் மறைத்து, மறுபடியும் படமெடுப்பார்கள். பிரேமில் போட்டால் இரண்டு பேரும் ஒரே நாற்காலிக்குப் பக்கத்தில். இறந்துபோனவர்களையும் இப்படிச் சேர்த்திருக்கிறார்கள். ஒன்றைக் காட்டினார், நிழல் மட்டும் எதிரெதிர்ப் பக்கமாக விழுந்திருந்தது.

நிறத்தைப் பற்றியும் கேட்டேன். கறுப்பாக வந்தால் படத்தை வாங்க மாட்டார்கள், அதனால் பிரிண்ட் போடும்போதே வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை வெளுக்க வைப்போம் என்றார். கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது. அந்தச் சங்கடம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

கிளம்பும்போது மேல்மாடியைக் காட்டினார். தகர டின்களிலும் பிஸ்கட் பெட்டிகளிலும் நெகட்டிவ்கள், ஒவ்வொன்றின் உறையிலும் ஓர் எண். அந்த எண்ணுக்குரிய பெயரும் ஊரும் ஆர்டர் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். பழைய ஆர்டர் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. முகங்கள் பத்திரமாக இருக்கின்றன, பெயர்கள் போய்விட்டன. திங்கட்கிழமை வந்து ஒரு டின்னை ஸ்கேன் பண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "நீ செய்வேன்னா செய்யும்மா, என் புள்ளைங்களுக்கு இதுல இஷ்டமில்ல" என்றார்.

சனி

காலையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம். மலாயாவில் தமிழ் அச்சு வேலையைத் தொடங்கி வைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள், இந்தத் தெருக்களில் கப்பலும் கடையுமாக இருந்த மரைக்காயர்களும் அவர்களோடு வந்த புலவர்களும். நாகூர் குலாம் காதிர் நாவலர் 1880களில் இந்த ஊரிலிருந்துதான் 'வித்தியா விசாரிணி' பத்திரிகையை நடத்தினார். சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887இல் 'சிங்கை நேசன்' தொடங்கினார். அதற்கும் முன்னால், 1876இல் வந்த முதல் மலாய்ப் பத்திரிகை 'ஜாவி பெரானாக்கான்' தென்னிந்திய முஸ்லிம்களும் மலாய்க்காரர்களும் கலந்த சமூகத்தின் முயற்சி. மலாய் நாடக மேடையும் அப்படித்தான். பார்சி நாடகக் குழுக்கள் வந்து போனதைப் பார்த்து, மாமாக் பூஷி 1885இல் பினாங்கில் பங்சாவான் என்ற மலாய் இசை நாடகக் குழு அமைத்தார். அந்த மேடையில் பாடி ஆடியவர்களின் வழிவந்தவர்கள்தான் பின்னால் மலாய் சினிமாவின் முதல் நடிகர்கள் ஆனார்கள். பள்ளிப் பாடத்தில் இதில் ஒரு வரி கூட நான் படித்ததில்லை.

மதியம் கிராப் வாடகைக் கார் பிடித்து, மலாய் சினிமாவின் புகழ்பெற்ற நடிகரும் பாடகரும் இயக்குநருமான பி. ரம்லியின் வீட்டுக்குப் போனேன். 1926இல் கட்டிய மரவீடு, 1929 மார்ச் 22 அன்று அவர் இங்கே பிறந்தார், இப்போது தேசிய ஆவணக் காப்பகம் பராமரிக்கிறது. அழகாக வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரு பேருந்து நிறைய வந்து இறங்கினார்கள், ஆசிரியை ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நிறுத்தி விளக்கினார்.

நான் தேடிப் போனது ரம்லியைச் சுற்றி இருந்தவர்களை. 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பாட்டுப் போட்டியில் அவரைக் கண்டெடுத்து சிங்கப்பூருக்கு அழைத்துப் போனவர் பி. எஸ். ராஜான்ஸ், மலாய் மொழியின் முதல் படமான லைலா மஜ்னுனை இயக்கிய இந்தியர். 1950இல் 'பக்தி' படத்தில் ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். தமிழர், பினாங்கில் வளர்ந்தவர். கூட்டத்தில் பாடிக்கொண்டிருந்த, முகத்தில் பருத் தழும்பு உள்ள ஒரு வாலிபரைக் கதாநாயகனாகப் போடும் துணிச்சல் அவருக்கு இருந்தது. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் அன்றைக்கு இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் பாருங்கள்: ராஜான்ஸ், கிருஷ்ணன், எஸ். ராமநாதன், வங்காளத்திலிருந்து வந்த பணி மஜும்தார். போட்டி நிறுவனமான கேத்தே-கெரிஸுக்கு 1957இல் 'பொந்தியானாக்' பேய்ப் படத்தை எடுத்துக் கூட்டத்தை அள்ளியவர் பி. என். ராவ். மலாய்ப் படங்களில் பாட்டு இவ்வளவு இருப்பதும், அம்மா அழுதால் கேமரா கிட்டே போவதும், வில்லன் சிரிக்கும் விதமும் எனக்கு எப்போதும் பழகியது போலவே இருந்ததற்குக் காரணம் இதுதான். 1955இல் ரம்லி தானே இயக்க ஆரம்பித்த பிறகு மெல்ல மெல்ல மலாய் இயக்குநர்கள் வந்தார்கள், அது நியாயமும்கூட, தன் வாழ்க்கையைத் தானே படமெடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

கிருஷ்ணன் பிறகு கோலாலம்பூரில் பல காலம் சினிமாவில் இருந்தார், டத்தோ பட்டம் பெற்றார், 1999இல் காலமானார். என் அப்பாவுக்கு எம்ஜிஆர் படம் தேதி வாரியாகத் தெரியும். கிருஷ்ணனைத் தெரியாது. அப்பாவைக் குறை சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. தமிழ்ப் பத்திரிகையின் சினிமாப் பக்கம் முழுக்கச் சென்னையாகவே இருந்தது, மலாய் சினிமா வரலாறு எழுதியவர்கள் அவர் பெயரை எழுதினார்கள், நாம் அதைப் படிக்கவில்லை.

ஞாயிறு

தோழியின் காரில் இரண்டாவது பாலம் வழியாக பத்து காவான். 2014இல் திறந்த 24 கிலோமீட்டர்ப் பாலம், இறங்கும் இடத்தில் இப்போது தொழிற்சாலைகளும் பெரிய பெரிய கடைகளும். இதெல்லாம் தோட்டமாக இருந்தது. தோழியின் ஆயா, அதாவது பாட்டி, கொஞ்சம் தள்ளி ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மகனோடு இருக்கிறார். தொண்ணூறு வயது. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கத்தி மாதிரி.

அலமாரியில் சேலைக்கு அடியிலிருந்து ஆயா எடுத்துக் காட்டியது தன் அம்மாவின் பழைய அடையாள அட்டை. 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் அறிவித்த பிறகு, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் பிரிட்டிஷ் அரசு பதிவு செய்தது, படமும் கைரேகையும் கட்டாயம். கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போடுகிறவர் யார், போடாதவர் யார் என்று பிரிக்கத்தான் அது. காட்டிலிருந்து வந்தவர்கள் அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்ததும் உண்டு. ஆனால் தோட்டத்து மக்கள் எத்தனையோ பேருக்கு வாழ்க்கையில் முதல் படம் அதுதான். ஆயாவின் அம்மாவுக்கு அது ஒன்றே ஒன்றுதான்! பிறகு ஆயாவின் கல்யாணத்துக்குப் படமெடுத்தபோது அவர் உயிரோடு இல்லை. ஹாலில் மாலை போட்டு மாட்டியிருக்கும் பெரிய படமும் இந்தக் கட்டைவிரல் அளவுப் படத்தைப் பெரிதாக்கி, வெள்ளைச் சேலை வரைந்து, பொட்டு வைத்தது.

"தெரட்டி நிக்க வச்சு எடுத்தான் பாப்பா, கண்ணு சிமிட்டக் கூடாதுன்னு கிராணி சத்தம் போட்டாரு" என்றார். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். ஆயாவுக்கு அப்போது பதின்மூன்று. போலீஸ் காரியத்துக்காக எடுத்த படம் வீட்டுத் தெய்வமாகச் சுவரில் இருக்கிறது. அதில் பெயரும் இருக்கிறது என்பதை நான் கவனித்தேன். எழுத்துப் பிழையோடுதான், ஆனாலும் இருக்கிறது.

சினிமா பற்றிக் கேட்டதும் ஆயாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மாதம் ஒருமுறை திடலில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். லயத்துப் பிள்ளைகள் (தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகள்) சாயங்காலமே சாக்கு விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். பெரியவர்கள் துணிக்கு முன்னால், இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால். பின்னால் உட்கார்ந்தால் எழுத்து இடவலம் மாறித் தெரியும், சண்டையில் கத்தி இடது கைக்கு மாறிவிடும். 16 மில்லிமீட்டர் புரொஜக்டர், ஜெனரேட்டர் சத்தம், சுருள் மாற்றும்போதெல்லாம் இருட்டு. அந்த இருட்டில்தான் கல்யாணங்கள் பேசி முடிவாகும் என்று சொல்லிச் சிரித்தார். படத்துக்கு முன்னால் தகவல் இலாகா வேன் வந்து செய்திப் படம் காட்டும். 1946இல் தொடங்கிய மலாயா பிலிம் யூனிட் எடுத்தவை, மலேரியா, ஓட்டுப் போடுவது, பயங்கரவாதிக்கு உதவாதே என்று. வர்ணனை தமிழிலும் வரும். பொது இடத்தில் வைத்த வானொலிப் பெட்டியில் தமிழ் ஒலிபரப்பும் அப்படித்தான் வந்தது, முதலில் அரசாங்கத்தின் குரலாக. அப்புறம் நாம் அதில் நாடகம் போட்டோம், கவிதை படித்தோம், பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினோம், அது நம்முடையதாகிவிட்டது. இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மக்கள் தகவல் துறைப் பேராசிரியராக இருந்த எழுத்தாளர் ரெ. கார்த்திகேசுவும் வானொலியிலிருந்து வந்தவர்தான்.

ஆயாவிடம் படங்களில் இருக்கும் ஒவ்வொருவராகக் கேட்டு, போனில் பதிவு செய்துகொண்டோம். ஒரு கல்யாணப் படத்தில் பந்தலுக்குக் கீழே நிற்கிற எல்லோரையும் சொன்னார், யார் கங்காணி மகன், யார் ஸ்டோர்காரர், யார் பிறகு இந்தியாவுக்குத் திரும்பிப் போனது என்று. மகனுக்கு அதில் பாதிப் பேரைத் தெரியவில்லை.

திங்கள்

காலையிலேயே ஸ்டூடியோ. ஐயா எனக்காக ஒரு மேசையை ஒழித்து வைத்திருந்தார். முதல் டின்னைத் திறந்ததும் வினிகர் வாடை குப்பென்று வந்தது. அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்தால் வரும் வாடை அது, பிலிம் சுருங்கி நெளியும், அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கும். வாடை வருவதைத் தனியாகப் பிரித்து, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினோம். கண்ணாடித் தகடுகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது.

வேலை நடக்கும்போது பேச்சு 'தமிழ் நேசன்' பக்கம் போனது. 1924 செப்டம்பரில் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய பத்திரிகை. கு. அழகிரிசாமி ஐம்பதுகளில் அங்கே வேலை பார்த்து இங்குள்ள இளம் எழுத்தாளர்களை வளர்த்தார். 2019 ஜனவரி முடிவோடு நின்றுவிட்டது. ஐயாவின் கடையிலிருந்து அந்தப் பத்திரிகைக்கு எத்தனையோ படம் போயிருக்கிறது, திருவிழா, பள்ளி விளையாட்டு, திருமண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி. கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தை யாரும் வரலாறாக எடுத்துக்கொள்வதில்லை. நான் எடுத்துக்கொள்கிறேன். முகம், பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த தோட்டம், பிள்ளைகள் பெயர் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் இருப்பது அங்கே மட்டும்தான். ஐயாவின் எண் போட்ட நெகட்டிவ்களில் சிலருக்கு அந்தப் பக்கங்களிலிருந்து பெயர் கிடைக்கலாம் என்று நினைக்கிறேன். பழைய இதழ்களின் நுண்படச் சுருள்களை நூலகத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அது அடுத்த வேலை.

ஐயாவின் பேரன் கல்லூரி முடித்துவிட்டுக் குறும்படம் எடுக்க அலைகிறவன். 'ஜகாட்' பற்றி மூச்சு விடாமல் பேசினான். 2015இல் வந்த நம் நாட்டுத் தமிழ்ப் படம், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையனின் கதை. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மொழியை வைத்து விருதைப் பிரித்ததற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதையே அது வாங்கியது. தாத்தாவின் டின்களை அவன் இதுவரை திறந்ததே இல்லையாம். இன்று என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு நெகட்டிவையும் விளக்கில் பிடித்துப் பார்த்தான், கோட்டுப் போட்ட ஓர் ஆளின் கால் வெறுங்காலாக இருப்பதைக் காட்டி, "அக்கா, ஷூ சைஸ் பத்தல போல" என்றான். அடுத்த மாதத்திலிருந்து வாரம் ஒரு டின் அவன் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டிருக்கிறான்.

படிக்கிறவர்கள் சிலர் வீட்டுப் படங்களை எப்படி வைப்பது என்று நேற்றே கேட்டிருந்தீர்கள். ஐயா சொன்னதையும் நான் செய்வதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் பண்ணுங்கள். 600 டிபிஐ போதும், சின்ன அடையாள அட்டைப் படமென்றால் 1200. பின்பக்கம் பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறிவிடும். மென்மையான 2பி பென்சில், ஓரமாக, அழுத்தாமல். பெயர், ஊர் அல்லது தோட்டம், உத்தேசமாக எந்த வருடம். தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள், ஆயா மாதிரி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால் இந்த வாரமே உட்காருங்கள்.

இன்று ஸ்கேன் செய்ததில் ஒரு பந்து விளையாட்டுக் குழு இருக்கிறது. பதினோரு பேர், கோடு போட்ட சட்டை, நடுவில் உட்கார்ந்திருப்பவர் மடியில் கோப்பை. பின்னால் ஒரு பலகையில் 'எஸ்டேட்' என்ற சொல்லின் கடைசிப் பாதி மட்டும் தெரிகிறது. பந்தில் வெள்ளை பெயின்டால் 1953 என்று எழுதியிருக்கிறது. செபராங் பிறை, கூலிம், சுங்கை பட்டாணி பக்கத்துக் குடும்பங்கள் யாராவது உங்கள் தாத்தாவை அதில் தேடிப் பாருங்கள். இடமிருந்து மூன்றாவதாக நிற்பவருக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது, அதை மட்டும் ஐயாவின் அம்மா பென்சிலால் மறைக்கவில்லை.